சாய்சுவரும் பாகையும்: படத்தில் அளத்தல்

நுழையும்முன்

கணினித் திரையில் தெரியும் ஒரு படத்தில் கோட்டின் நீளத்தையும் சாய்வையும் அளக்க முடியும். அளப்பது எளிது. சுட்டியை அழுத்திப் பிடித்து ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு இழுத்தால் எண் கிடைத்துவிடும். அந்த எண் எதனுடைய அளவு என்று அறிவதே கடினம். அது படத்தின் அளவா? படத்தில் உள்ள பொருளின் அளவா? தில்லி மாநகரில் முந்நூறு ஆண்டுகளாக நிற்கும் ஒரு சாய்சுவரைத் திரையில் அளந்து பார்த்து, இவ்வினாவுக்கு விடை தேடுவோம்.

தில்லியில் ஒரு சாய்சுவர்

தில்லியின் கன்னாட் பிளேசிலிருந்து சற்றுத் தொலைவில், வானளாவிய அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே, செந்நிறக் கட்டடங்கள் சில வியப்பான வடிவங்களில் நிற்கின்றன. அவற்றில் குடியிருக்க அறைகள் இல்லை. வளைந்த சுவர்களும் வட்டமான மதில்களும் வானை நோக்கி ஏறி வெறுவெளியில் முடிந்துவிடும் படிக்கட்டும் உள்ளன. இதுவே ஜந்தர் மந்தர். போராட்டங்களும் பேரணிகளும் நடைபெறும் இடமாகச் செய்தித்தாள்களில் இப்பெயரை நீங்கள் படித்திருக்கக்கூடும். ஆனால், இது கட்டப்பட்டது வானத்தை அளப்பதற்காக. ஜந்தர் என்னும் சொல்லும் நாம் வழங்கும் எந்திரம் என்னும் சொல்லும் யந்திரம் என்னும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை.

ஜெய்ப்பூர் நகரை உருவாக்கிய மன்னர் சவாய் ஜெய்சிங் இதனை 1724-இல் எழுப்பினார். பின்னர் ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா ஆகிய நகரங்களிலும் இத்தகைய ஆய்வுக்கூடங்களைக் கட்டினார். தமிழ்ப் பெரியோர் வடமதுரை என்று வழங்கிய அந்த மதுராவில் இருந்தது மட்டும் இன்று இல்லை. மற்ற நான்கும் நிலைத்துள்ளன.

தில்லியில் உள்ளவற்றுள் மிகப் பெரியது சம்ராட் யந்திரம். ஒரு மாபெரும் செங்கோண முக்கோணத்தைச் சுவராக எழுப்பி நிறுத்தியது போன்றது அது. தெற்கே தரையை ஒட்டித் தொடங்கும் அதன் மேல்விளிம்பு வடக்கு நோக்கி உயர்ந்து செல்கிறது. அச்சுவரின் இருபுறமும் வளைந்த அளவுச்சுவர்கள் உள்ளன. கதிரவன் நகர நகரச் சாய்சுவரின் நிழலும் அவ்வளவுச்சுவர்களின்மீது நகரும். நிழல் விழும் கோட்டைப் பார்த்து நேரத்தைச் சொல்லலாம். சுருங்கச் சொன்னால், அது ஒரு சூரியக் கடிகாரம்.

அந்த விளிம்பு எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதைக் கட்டியவர் தம் விருப்பப்படி முடிவுசெய்ய இயலாது. அதனை ஊரே முடிவுசெய்கிறது. நிலநடுக்கோட்டில் நிற்பவருக்குத் துருவ விண்மீன் தொடுவானத்தை ஒட்டித் தெரியும். அவர் வடக்கே ஒரு பாகை நகர்ந்தால் விண்மீனும் ஒரு பாகை உயரும். வடதுருவத்தை அடைந்தால் அது தலைக்கு நேர்மேலே நிற்கும். ஆகவே, ஓர் ஊரில் துருவ விண்மீன் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்வூரின் அட்சரேகை. சம்ராட் யந்திரத்தின் சாய்ந்த விளிம்பு வானத்தின் வடதுருவத்தை நோக்கி நிற்கிறது. எனவே, தில்லியில் அதன் சாய்வு 28 பாகை 37 கலை. ஒரு பாகையில் 60 கலைகள் உண்டு என்பதை நினைவில் கொள்க. ஜெய்ப்பூரில் உள்ள பெரிய சம்ராட் யந்திரத்தின் சாய்வு ஏறத்தாழ 27 பாகை.

இங்குதான் நம் கணினிக்கு வேலை வருகிறது. அந்தச் சுவரைப் பக்கவாட்டில் நின்று படம் எடுத்து, அதன் சாய்வைத் திரையில் அளந்தால், தில்லியின் அட்சரேகை நமக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்கிறதா?

கருவியை எடுப்போம்

படங்களைத் திருத்தும் மென்பொருள்கள் பல உள்ளன. கிம்ப் என்பது விலையின்றிக் கிடைப்பது. பல பள்ளிக் கணினி அறைகளில் இருப்பது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் அதனைத் தொடங்கினர். 1996-இல் அது பொதுமக்களுக்குக் கிடைத்தது. அதன் கருவிப்பெட்டியில் அளவிடு கருவி ஒன்று உண்டு. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு எம் என்னும் எழுத்தை அழுத்தினாலும் அது கைக்கு வரும்.

சுட்டியை விளிம்பின் கீழ்முனையில் வைத்து அழுத்தி, விடாமல் மேல்முனை வரை இழுத்து விடுங்கள். சாளரத்தின் அடியில் உள்ள நிலைப்பட்டையில் நீளமும் கோணமும் தோன்றும். நீளம் படப்புள்ளிகளில் சொல்லப்படும். பிக்சல் என்று பேச்சில் வழங்கும் படப்புள்ளியைக் காண விரும்பினால் படத்தைப் பலமடங்கு பெரிதாக்குங்கள். நுண்ணிய சதுரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை எண்ணிச் சொல்வதே கணினி தரும் நீளம். கோணமோ கிடைக்கோட்டிலிருந்து கணக்கிடப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். படத்தின் இடப்பக்க மேல்மூலையே கணினிக்குத் தொடக்கம். வலப்புறம் செல்லச் செல்ல முதல் எண்ணும், கீழே செல்லச் செல்ல இரண்டாம் எண்ணும் கூடும். கணக்கு வகுப்பின் வரைபடத்தாளில் மேலே செல்லச் செல்ல எண் கூடுவதை அறிவீர்கள். இங்கு அது தலைகீழ். விளிம்பின் கீழ்முனை 400, 2100 என்ற இடத்திலும் மேல்முனை 2400, 1008 என்ற இடத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அகலத்தில் 2000 புள்ளிகள் சென்றோம். உயரத்தில் 1092 புள்ளிகள் ஏறினோம். பிதாகரஸ் தேற்றப்படி சாய்நீளம் ஏறத்தாழ 2279 புள்ளிகள். கோணம் 28.63 பாகை. அதாவது 28 பாகை, ஏறத்தாழ 38 கலை.

நாம் தேடிய எண் கிடைத்துவிட்டது! ஆனால், இவ்வெடுத்துக்காட்டில் படம் நேராக எடுக்கப்பட்டது என்று நாமே வைத்துக்கொண்டோம். உண்மையான படம் அவ்வளவு பணிவாக நடந்துகொள்வதில்லை.

நீண்ட கோடும் குறுகிய கோடும்

சுட்டியை விளிம்பின் மேல் மிகச் சரியாக நிறுத்த எவராலும் இயலாது. கை ஒரு புள்ளியேனும் மேலோ கீழோ விலகும். அந்த ஒரு புள்ளியால் என்ன நேரும்?

2279 புள்ளி நீளமுள்ள கோட்டின் முனையில் ஒரு புள்ளி விலகினால் கோணம் ஏறத்தாழ ஒன்றரைக் கலை மாறும். நிலப்பரப்பில் ஓர் அட்சரேகைப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே, ஒன்றரைக் கலை என்பது மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தில்லி தில்லியாகவே இருக்கும்.

அதே விளிம்பில் 100 புள்ளி நீளத்தை மட்டும் அளந்தால்? ஒரு புள்ளி விலகினாலே கோணம் அரைப் பாகைக்கு மேல் மாறிவிடும். கணக்கிட்டால் 0.57 பாகை. ஊர் 63 கிலோமீட்டர் வடக்கேயோ தெற்கேயோ நகர்ந்துவிடும்! சுட்டி விலகியது ஒரு புள்ளிதான், விளைவு இவ்வளவு. ஆதலால் அளக்கும் கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்று. படத்தைப் பெரிதாக்கி, முனைகளை நெருங்கிப் பார்த்துச் சுட்டியை வைப்பதும் நன்று.

இதே எண்ணம்தான் மன்னர் ஜெய்சிங்கையும் கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டத் தூண்டியது. அவர் காலத்து வானியலார் பித்தளைக் கருவிகளைப் பயன்படுத்தினர். அவை சிறியவை, அவற்றின் வட்டத்தில் கலைகளைத் தனித்தனியே குறிக்க இடம் போதாது, அச்சு தேய்ந்தால் கருவி ஆடும். இக்குறைகளை மன்னரே எழுதிவைத்துள்ளார். பெரிதாகக் கட்டினால் ஒவ்வொரு பாகைக்கும் அகன்ற இடம் கிடைக்கும், கல் ஆடாது. ஜெய்ப்பூரில் 27 மீட்டர் உயரமுள்ள சம்ராட் யந்திரத்தின் நிழல் ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு நிமிடம் நின்று பார்த்தால் நான்கு விரற்கடை அகலத்திற்கு நிழல் நகர்ந்திருக்கும். காலம் நகர்வதை நம் கண்ணாலேயே காணலாம். அந்தக் கல்விளிம்பு அவருக்கு எதுவோ, திரையில் இழுத்த நீண்ட கோடு நமக்கு அது.

எங்கே நின்று படம் எடுப்பது?

சாய்சுவர் தெற்குவடக்காக நிற்கிறது. அதனைக் கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ நேருக்கு நேராக நின்று படம் எடுத்தால் மட்டுமே முக்கோணம் உள்ளபடி தெரியும். சற்று ஓரமாக நின்றால் சுவரின் நீளம் சுருங்கித் தோன்றும், உயரமோ சுருங்காது. நீளம் குறைந்து உயரம் மாறாதிருந்தால் சாய்வு கூடும் அல்லவா?

தொலைவில் நின்று, நேர்ப்பார்வையிலிருந்து 30 பாகை விலகி எடுத்த படத்தில், 28.6 பாகைச் சாய்வு ஏறத்தாழ 32.2 பாகையாகத் தோன்றும். அந்த எண்ணை நம்பினால் தில்லியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பதான்கோட்டுக்கு அருகே வைக்க வேண்டியிருக்கும். கருவி பிழை செய்யவில்லை. படத்தில் இருந்த கோட்டை அது சரியாகவே அளந்தது. ஆனால், படத்துக் கோடு சுவரின் கோடு அன்று. இன்னொன்றையும் கவனியுங்கள். இப்பிழை எப்போதும் ஒரே பக்கம் செல்லும். வலப்புறம் விலகி நின்றாலும் இடப்புறம் விலகி நின்றாலும் சாய்வு கூடியே தோன்றும். கை நடுக்கத்தால் வரும் பிழையைப் பலமுறை அளந்து சராசரி எடுத்துக் குறைக்கலாம். நின்ற இடத்தால் வரும் பிழை சராசரியால் நீங்காது. பத்துப் படங்கள் எடுத்தாலும் பத்தும் ஒரே திசையில் தவறும்.

மிக அருகில் நின்று, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தாலும் தொல்லைதான். மேலே உள்ளவை சுருங்கி, நிமிர்ந்த சுவர்கள்கூட உட்புறம் சாய்ந்தவை போல் தோன்றும். ஆகவே, இயன்றவரை தள்ளி நில்லுங்கள். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள்.

நேராக நின்றும் கேமராவை ஒருபுறம் சற்றுச் சாய்த்துப் பிடித்துவிட்டால்? படம் முழுவதும் அதே அளவு சாய்ந்துவிடும். இப்பிழைக்கு மட்டும் அளவிடு கருவியிலேயே மருந்து உண்டு. படத்தில் கிடைமட்டம் என்று உறுதியாக நாம் அறிந்த ஒன்றைத் தேட வேண்டும். சுவரின் மேல் உள்ள படிகளின் விளிம்பு, தேங்கி நிற்கும் நீரின் மட்டம், பின்னால் தெரியும் மாடிக் கட்டடத்தின் நிமிர்ந்த மூலை ஆகியவை உதவும். (அந்த மாடிக் கட்டடங்கள் வானியலாருக்கு ஓர் இடையூறு, நமக்கு மட்டும் தூக்குக்குண்டு போலப் பயன்படுகின்றன!) முதலில் அறிந்த கோட்டை அளந்துகொள்ளுங்கள். பின்பு, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அதே முனையிலிருந்து இரண்டாம் கோட்டை இழுங்கள். இப்போது கிடைப்பது இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணம். கேமரா எப்படிச் சாய்ந்திருந்தாலும் இக்கோணம் மாறாது. நிமிர்ந்த மூலையோடு ஒப்பிட்டு அளந்தீர்களானால், கிடைத்த எண்ணை 90-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கிம்பின் புதிய பதிப்புகளில், அளந்த கோட்டைக் கொண்டே படத்தை நிமிர்த்தும் பொத்தானும் உள்ளது.

சுவரின் அடிப்பகுதி தரைமட்டத்திற்குக் கீழே இறங்கியிருப்பதால் முக்கோணம் முழுவதும் படத்தில் அடங்காது என்று கவலைப்பட வேண்டா. நேர்கோட்டின் எந்தப் பகுதியை அளந்தாலும் சாய்வு ஒன்றே. கோணத்தை அளப்பதில் உள்ள பெரிய வசதி இது.

யாருடைய முழம்?

நீளத்தை அளப்பதில் அவ்வசதி இல்லை. 2279 புள்ளி நீளம் என்றால் எத்தனை அடி? படம் மட்டும் இதற்கு விடை சொல்லாது.

கோவில் வாசலில் பூ விற்பவரிடம் மல்லிகைச் சரம் வாங்கும்போது பார்த்திருப்பீர்கள். அவர் தம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்து ஒரு முழம் என்பார். கை நீண்டவர் அளந்தால் சரம் நீளும். கை குட்டையானவர் அளந்தால் சரம் குறையும். "யாருடைய முழம்?" என்று வாங்குபவர் விளையாட்டாகக் கேட்பதும் உண்டு. படப்புள்ளியும் அத்தகைய முழமே. அருகில் எடுத்த படத்தில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டரைக் குறிக்கலாம். தொலைவில் எடுத்த படத்தில் ஓர் அடியைக் குறிக்கலாம். அறிந்த நீளம் ஒன்று படத்துக்குள் இருந்தால்தான் முழத்தை நாம் மீட்டராக மாற்ற முடியும்.

வகுப்பறையில் செய்து பாருங்கள். மேசையின் முன்விளிம்பில் 30 சென்டிமீட்டர் அளவுகோலை ஒட்டிவைத்து, நேரெதிரே மூன்று மீட்டர் தள்ளி நின்று படம் எடுங்கள். அளவுகோல் 600 புள்ளிகளும் மேசை 2400 புள்ளிகளும் இருந்தால், ஒரு சென்டிமீட்டருக்கு 20 புள்ளிகள். மேசையின் நீளம் 120 சென்டிமீட்டர். இனி, அளவுகோலை ஒரு தோழர் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு ஒரு மீட்டர் முன்னால் நிற்கட்டும். அது கேமராவுக்கு இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதால் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். 900 புள்ளிகள் வரும். அதைக் கொண்டு கணக்கிட்டால் மேசை 80 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். மேசையை யாரும் அறுக்கவில்லை! அறிந்த நீளமும் அறிய விரும்பும் நீளமும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில், ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்னும் விதியை மீறினோம், அவ்வளவே.

மற்றொரு பொறியும் உண்டு. அளவிடு கருவியின் அலகைப் புள்ளியிலிருந்து அங்குலத்திற்கு மாற்றலாம். மாற்றினால் உடனே ஓர் எண் வந்துவிடும். அதனைப் பொருளின் நீளம் என்று எண்ணி ஏமாறுவோர் பலர். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று படத்தில் குறித்திருந்தால் நம் சாய்கோடு 7.6 அங்குலம், 72 புள்ளிகள் என்று குறித்திருந்தால் அதே கோடு 31.6 அங்குலம். இது தாளில் அச்சிட்டால் வரும் நீளம் மட்டுமே. கல்சுவருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஒரு நீளத்தை மட்டும் மிகக் கவனமாக அளந்துகொண்டு, மற்றவற்றைக் கோணங்களால் கணக்கிடும் முறைக்கு நம் நாட்டில் பெரிய வரலாறு உண்டு. அது தொடங்கியது சென்னையில். 1802-இல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். பின்பு அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரிந்த இடங்களைக் கோணமானியால் நோக்கி, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அமைத்துச் சென்றார். மலையுச்சிகளும் கோவில் கோபுரங்களும் அம்முக்கோணங்களின் முனைகள் ஆயின. அவருக்குப் பின் வந்தவர்கள் அவ்வலையை இமயமலை வரை கொண்டுசென்றனர். இடையில் சரிபார்ப்பதற்காக வேறு சில கோடுகளையும் தரையில் அளந்தனர். வகுப்பறைப் படத்தில் அளவுகோல் செய்த வேலையைத்தான் பரங்கிமலைக் கோடு அங்குச் செய்தது.

எழுதிய எண்ணையும் அளந்து பார்க்கலாம்

தில்லிச் சம்ராட் யந்திரத்தின் உயரம் 70 அடி, அடிப்பக்கம் 114 அடி, சாய்ந்த விளிம்பு 128 அடி என்று பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பிதாகரஸ் தேற்றத்தை அறிந்த நீங்கள் இதனை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 70-இன் வர்க்கம் 4,900. 114-இன் வர்க்கம் 12,996. கூட்டினால் 17,896. ஆனால், 128-இன் வர்க்கம் 16,384. இம்மூன்று பக்கங்களால் செங்கோண முக்கோணம் அமையாது!

எந்த எண் இடிக்கிறது? அதனைக் கோணம் காட்டிக்கொடுக்கிறது. சாய்வு 28.6 பாகை, விளிம்பு 128 அடி என்று வைத்து ஒரு முக்கோணத்தை வரைந்தால், அடிப்பக்கம் ஏறத்தாழ 112 அடியும் உயரம் ஏறத்தாழ 61 அடியும் வரும். அடிப்பக்கம் ஓரளவு ஒத்துப்போகிறது. உயரம் ஒத்துப்போகவில்லை. 70 அடி என்பது எங்கிருந்து எதுவரை அளந்தது என்பதை அந்த எண் தன்னோடு சுமந்து வரவில்லை. அது வேறோர் இடத்திலிருந்து அளந்த உயரமாக இருக்கலாம். ஆனால் இந்த முக்கோணத்தின் உயரமாக இருக்க இயலாது. ஒரு படமும் ஒரு தேற்றமும் கையில் இருந்தால், எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரே இந்த ஐயத்தை எழுப்ப முடியும். ஐயத்தை எழுப்பிய பின் நேரில் சென்று பார்ப்பது இன்னும் சுவையானது.

சென்னையில் கட்டினால்?

ஜெய்சிங் தென்னாட்டில் ஆய்வுக்கூடம் எதனையும் கட்டவில்லை. கட்டியிருந்தால் அதன் சாய்சுவர் எப்படி இருந்திருக்கும் என்று நாம் வரைந்து பார்க்கலாம். சென்னையின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை. மதுரைக்கு ஏறத்தாழ 10. கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 8. தில்லியில் செங்குத்தாக ஏறுவது போல் தோன்றும் சுவர், கன்னியாகுமரியில் குழந்தைகள் சறுக்கி விளையாடவும் போதாத அளவுக்குப் படுத்துவிடும்.

தில்லிச் சுவரின் சாய்விலிருந்து சென்னைச் சுவரின் சாய்வைக் கழித்தால் ஏறத்தாழ பதினைந்தரைப் பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 1,720 கிலோமீட்டர். சென்னை தில்லிக்குத் தெற்கே உள்ள தொலைவு அது. விடுமுறைக்குத் தமிழ்நாடு விரைவுவண்டியில் செல்வோர் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்கின்றனர். இருப்புப்பாதை வளைந்து வளைந்து செல்வதால் அவர்கள் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். அத்தனை தொலைவையும் இரண்டு சுவர்களின் சாய்வுகளுக்கு இடையே உள்ள வேறுபாடாக ஒரே திரையில் வரைந்துவிடலாம். நீங்கள் வாழும் ஊருக்கும் உங்கள் தாத்தா பாட்டி வாழும் ஊருக்கும் ஒவ்வொரு சாய்கோடு வரையுங்கள். இரண்டையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள். இடைப்பட்ட கோணத்தை அளவிடு கருவியால் அளந்து பாருங்கள். கொல்கத்தாவில் வாழும் மாணவருக்குக் கோணம் சிறுக்கும். ஜம்முவில் வாழும் மாணவருக்கு அது பெருகும். மும்பையில் வாழ்பவருக்கு மற்றொரு செய்தியும் புலப்படும்: தெற்கே உள்ள தொலைவை மட்டுமே இக்கோணம் சொல்லும்; கிழக்கே செல்ல வேண்டிய தொலைவைப் பற்றி அது வாய் திறக்காது.

அருஞ்சொற்பொருள்

பாகை – கோணத்தை அளக்கும் அலகு. முழுவட்டத்தில் 360-இல் ஒரு பங்கு
கலை – பாகையில் 60-இல் ஒரு பங்கு
அட்சரேகை – நிலநடுக்கோட்டிலிருந்து ஓர் ஊர் எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே உள்ளது என்பதைக் காட்டும் கோடு
தொடுவானம் – வானும் நிலமும் கூடுவது போல் தோன்றும் இடம்
படப்புள்ளி – கணினிப் படத்தின் மிகச் சிறிய சதுரம்
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
தூக்குக்குண்டு – சுவர் நிமிர்ந்துள்ளதா என அறியக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு
இடையூறு – தடை

பயிற்சிகள்

1. ஓரமாக நின்று எடுத்த படத்தில் சாய்வு ஏன் கூடித் தோன்றுகிறது? இரண்டு மூன்று தொடர்களில் எழுதுக.

2. முழம், சாண், விரற்கடை ஆகிய சொற்களைப் பற்றி வீட்டுப் பெரியோரிடம் கேட்டு அறிக. உங்கள் ஒரு முழத்தையும் உங்கள் தாயார் அல்லது தந்தையாரின் ஒரு முழத்தையும் அளவுகோலால் அளந்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

3. அளவு, அளவை, அளவுகோல், அளவிடு, அளந்தார் ஆகிய சொற்களைப் பயன்படுத்திச் சொந்தத் தொடர்கள் அமைக்க. இவற்றுள் வினைச்சொற்கள் எவை?

4. "கருவி பிழை செய்யவில்லை." இத்தொடர் பாடத்தில் எவ்விடத்தில் வருகிறது? அவ்விடத்தில் பிழை செய்தது எது?

5. உங்கள் பள்ளியின் மாடிப்படிக் கைப்பிடியைப் பக்கவாட்டில் நின்று படம் எடுத்து, அதன் சாய்வைக் கணினியில் அளக்க. பின்பு, கோணமானியைக் கொண்டு நேரில் அளந்து ஒப்பிடுக. இரண்டும் வேறுபட்டால் அதற்கான காரணத்தைத் தமிழில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.